பழைய கணினி, புது டாங்கிள், நடுவில் மழை

சித்தப்பா வீட்டுக் கணினி 2010-இல் அசெம்பிள் செய்து வாங்கியது. டூயல் கோர் பிராசஸர், 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. மானிட்டருக்கும் சிபியுவுக்கும் சித்தி தைத்துப் போட்ட பூப்போட்ட உறை. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சித்தப்பா. தெருவில் யாருக்கு மனு எழுதவேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். வானவில் எழுத்துருவில், பழைய டைப்ரைட்டர் முறையில் கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பார். யூனிகோடுதான் இனி என்று தமிழக அரசு ஆணையிட்டதும் அதே 2010-இல்தான். விரல்களுக்கு அந்த ஆணை போய்ச் சேரவில்லை. அதனால் புதுக் கணினி என்று பேச்செடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவார்.

பிரச்சினை, ஃபைபர் இணைப்பு வந்த நாளில் தொடங்கியது. முன்பு டெலிபோன் ஒயரில் வந்த பிராட்பேண்ட் மோடம் கணினிக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஃபைபர்காரர்கள் ரவுட்டரை முன்கூடத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கணினி பின்னறையில். "ஒரு டாங்கிள் வாங்கிச் சொருகிடுங்க சார், போதும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கடையில் 450 ரூபாய்க்குக் கிடைத்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நானோ டாங்கிள். அட்டையில் 150 எம்பிபிஎஸ் என்று கொட்டை எழுத்து. கூடவே கைக்குள் அடங்கும் ஒரு குட்டி சிடி.

மூன்று மாதம் கழித்து போன் வந்தது. "டேய், இந்த நெட்டு ஒண்ணும் சரியில்லடா. ஒரு நாள் வருது, ஒரு நாள் வரல. மழை பேஞ்சா சுத்தமா இல்ல. வந்து பாரு."

போனேன். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். டாங்கிளைப் பற்றிய விமர்சனமாகத்தான் இதை எழுத நினைத்தேன். கதை வேறு பக்கம் போய்விட்டது.

முதலில் டாங்கிள். டிரைவரைப் புதிதாகப் போடலாம் என்று பழையதை எடுத்துவிட்டேன். குட்டி சிடியைப் போட டிவிடி டிரைவ் திறக்கவில்லை. முன்னால் இருக்கும் ஊசித் துளையில் ஒரு குண்டூசியை நீட்டித் தள்ளித்தான் தட்டை வெளியே எடுத்தேன். சிடி கீறல். டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்ற நிலைமை. இதற்கு எளிய வழி கையிலேயே இருக்கிறது: போனை யுஎஸ்பி ஒயரில் கணினியோடு சேர்த்து, செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போனின் நெட் கணினிக்கு வந்துவிடும். இந்த விண்டோஸ் 7 எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. போன் வழியாக நெட் ஓடினால், கோளாறு கணினிக்குள் இல்லை, டாங்கிளிலோ அதற்கு அப்பாலோதான் என்று பாதி வேலை முடிந்துவிடும்.

புது டிரைவர் போட்டதும் டாங்கிள் எழுந்தது. ஆனால் ரவுட்டர் காட்டும் இரண்டு பெயர்களில் ஒன்றுதான் பட்டியலில் வந்தது. "5ஜின்னு முடியுற பேரு என் போன்ல வருது, இதுல வரலியே, இது 4ஜி டாங்கிளா?" என்றார் சித்தப்பா. அந்த 5ஜிக்கும் சிம் கார்டு 5ஜிக்கும் சம்பந்தமே இல்லை. ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. விலை குறைந்த நானோ டாங்கிளுக்கு முதலாவது மட்டும்தான் காதில் விழும். அட்டையில் '2.4' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 150-ஐப் போல அதையும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம்.

அந்த 150-உம் காகிதக் கணக்குதான். ஸ்பீட் டெஸ்ட்டில் முதலில் வந்தது 6. எம்பிபிஎஸ்தான். சித்தப்பா கட்டுவது 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு.

கறுப்புத் திரையைத் திறந்து ரவுட்டருக்கு பிங் அடித்துப் பார்த்தேன். 192.168.1.1. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெட்டி. 2, 3 மில்லி செகண்டில் பதில் வரவேண்டும். 4 வந்தது, அடுத்தது 310, அடுத்தது 870, அதற்கடுத்தது பதிலே இல்லை. பத்துக்கு மூன்று காணாமல் போயின. வெளியே இருக்கும் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் வீட்டுக்குள் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். குனிந்து பார்த்தேன். டாங்கிள் சிபியுவின் பின்பக்கம், மேஜைக்கு அடியில், சுவரோடு ஒட்டி இருந்தது. ஒரு பக்கம் சிபியுவின் இரும்புப் பெட்டி, மறுபக்கம் ஒன்றரை அடிச் செங்கல் சுவர், சுவருக்கு அந்தப்பக்கம் சித்தியின் இரும்புப் பீரோ. நகத்தளவு ஆன்டெனா பாவம் என்ன செய்யும்?

ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் 90 ரூபாய். அதில் டாங்கிளை மாட்டி, மேஜைக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் உயரமாக வைத்தேன். பிங் எல்லாம் 20-க்குள் வந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. வேகம் 31. டிவைஸ் மேனேஜரில் டாங்கிளின் பவர் மேனேஜ்மெண்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைத்துவிடலாம் என்றிருந்த டிக்கையும் எடுத்துவிட்டேன். சித்தப்பா சாப்பிடப் போய்த் திரும்பும்போது நெட் காணாமல் போனது அதனால்தான்.

வேலை முடிந்தது என்று காபி குடித்தேன். அன்று மாலை இடியோடு மழை. சித்தப்பா எழுந்து போய் சுவரில் இருந்த பிளக்கையே உருவிவிட்டார். பல வருடங்களுக்கு முன்பு இடி விழுந்து ஒரு மோடம் கருகிய அனுபவம். அது நல்ல பழக்கம்; குறை சொல்லமாட்டேன். மறுநாள் காலை கணினியைப் போட்டார். கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ். நான் படிப்பதற்குள் எஃப்1-ஐ அழுத்திவிட்டார்.

"என்ன சித்தப்பா அது?"

"அது அப்பப்ப வரும்டா. எஃப்1 அமுக்கினா போயிடும்."

விண்டோஸ் வந்தது. வைஃபை கட்டங்கள் நிறைந்திருந்தன. கூகுளைத் திறந்தால் சிவப்புப் பக்கம். "பாத்தியா? நேத்து மழை, இன்னிக்கு நெட் இல்ல" என்றார், ஜெயித்தவர் குரலில்.

எனக்கு இது விசித்திரமாக இருந்தது. டெலிபோன் ஒயர் காலத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. செம்புக் கம்பி இணைப்புகளில் ஈரம் இறங்கினால் இரைச்சல் கூடி பிராட்பேண்ட் அறுந்து அறுந்து வரும். ஃபைபரில் ஓடுவது ஒளி. மழைக்கு அது அசையாது. தவிர, அதே வைஃபையில் சித்தியின் போனில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. ரவுட்டருக்கு பிங் அடித்தேன், பதில் வந்தது. வெளியே 8.8.8.8-க்கு அடித்தேன், வந்தது. எண்ணுக்குப் பதில் கூகுளின் பெயரைப் போட்டு அடித்தேன், அதற்கும் வந்தது. பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்-உம் சரி என்று அர்த்தம். எல்லாம் போகிறது, வருகிறது. இணையதளம் மட்டும் திறக்கவில்லை.

"மழை நாள்ல மட்டும்தான் இப்படியா சித்தப்பா? மாசாந்திர பவர் ஷட்டவுன் அன்னிக்கு?"

"அன்னிக்கும் சாயந்திரம் வராது. கரண்ட் இல்லாம அவங்க மெஷினும் நின்னு போயிருக்கும்னு விட்டுருவேன்."

அப்போதுதான் திரையின் வலது மூலையைப் பார்த்தேன். 01-01-2010. அதற்கு நேர் மேலே சுவரில் தினசரி காலண்டர். காலையில் எழுந்ததும் சித்தப்பா செய்யும் முதல் வேலை அதில் தாள் கிழிப்பது. ராகு காலம் பார்க்காமல் மனுகூட எழுதமாட்டார்.

கணினியின் மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம்போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் கடிகாரம் ஓடுவதற்காக அதை வைத்திருக்கிறார்கள். அது செத்துவிட்டால், பிளக் மாட்டியிருக்கும் வரை வெளியே எதுவும் தெரியாது. ஷட்டவுன் செய்தாலும் சுவரிலிருந்து வரும் கொஞ்சம் மின்சாரத்தில் கடிகாரம் ஓடிவிடும். கரண்ட் முழுதாக நின்றால் தேதி பிறந்த வருடத்துக்குப் போய்விடும். எஃப்1 கேட்ட அந்த இரண்டு வரி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

தேதி தப்பினால் நெட் ஏன் போகவேண்டும்? பூட்டுப் படம் போட்டு வரும் ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. பஸ் பாஸ் மாதிரி அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2010-இல் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. பிரவுசர் உள்ளே விடாது. உண்மையான 2010-இல் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அன்று பெரும்பாலான தளங்கள் பூட்டில்லாமல்தான் இருந்தன. விண்டோஸே இணையத்தைக் கேட்டு நேரத்தைத் திருத்திக்கொள்ளுமே என்று தோன்றும். வீட்டுக் கணினியில் அது வாரம் ஒருமுறைதான் கேட்கும். அப்படிக் கேட்டும் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், ஏதோ மோசடி என்று எண்ணித் திருத்த மறுத்துவிடும். இங்கே வித்தியாசம் 15 வருடத்துக்கும் மேல்.

கஸ்டமர் கேரில் இதை ஒருவரும் கேட்கவில்லை. சித்தப்பா நான்கு முறை போன் செய்திருக்கிறார். நான்கு முறையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். மழை நாள் முடிந்து அக்கம்பக்கத்துப் பையன் யாராவது தேதியைச் சரிசெய்துவிட்டுப் போக, அடுத்த மழை வரை ஓடியிருக்கிறது.

பிளக்கை எடுத்துவிட்டு சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே பஞ்சுபோல் தூசி, மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடு. பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்தேன். இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு, பேட்டரியின் ஓரத்தில் இருக்கும் கொக்கியை நகத்தால் தள்ளியதும் துள்ளி மேலே வந்தது. மீட்டரில் 1.1 வோல்ட். கடைத்தெரு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் புதியது 40 ரூபாய். கூட்டல் குறி மேலே தெரிய வைத்து அழுத்தினேன். பயாஸில் தேதி போடும்போது சித்தப்பாவையே காலண்டரைப் பார்த்துப் படிக்கச் சொன்னேன். நல்ல நேரத்தையும் சேர்த்துப் படித்தார்.

பிளக்கைப் பத்து நிமிடம் உருவி வைத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். எஃப்1 கேட்கவில்லை. கூகுள் திறந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த 31 எம்பிபிஎஸ் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்ததால் கேபிளும் இழுத்துவிட்டேன். 18 மீட்டர் கேட்-6 ஒயர், இரண்டு முனையிலும் கடைப்பையன் கிரிம்ப் செய்து தந்தான். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று முணுமுணுத்தபடியே அடுக்கினான். எலிக்குப் பயந்து தரையோடு விடாமல் வாசல்படிக்கு மேலாகக் கொண்டுபோனேன். கணினியின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வரைதான் தாங்கும். வந்தது 94. பிங் 1 மில்லி செகண்ட், ஒரு சொட்டு ஏற்ற இறக்கம் இல்லை.

ஆக, தீர்ப்பு. கேபிள் இழுக்க வழியிருந்தால் பழைய மேஜைக் கணினிக்கு டாங்கிள் வாங்காதீர்கள். இழுக்கவே முடியாது என்றால் நானோ வேண்டாம். இரண்டு அலைவரிசையும் பிடிக்கும், ஆன்டெனா நீட்டிய டாங்கிளாகப் பார்த்து வாங்குங்கள். எதை வாங்குவதற்கு முன்பும் திரை மூலையில் தேதியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி கணினியில் தெரிந்தால் ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஒயரையோ வைஃபை பாஸ்வேர்டையோ பாருங்கள், கம்பெனிக்குப் போன் செய்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் பாதுகாப்பு அப்டேட்களை நிறுத்திவிட்டது. அதில் ஓடும் கடைசி குரோம், 2023 ஜனவரியில் வந்த 109. லினக்ஸ் மின்ட்டை பென்டிரைவில் போட்டு ஓட்டிக் காட்டினேன். 2 ஜிபி ராமில் மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனால் நெட் முதல் நொடியிலேயே வந்தது. சித்தப்பா தன் வானவில்லைத் தேடினார். கிடைக்கவில்லை என்றதும் எழுந்து போய்விட்டார். ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம்: மனு, கடிதம், பஞ்சாங்கம் எல்லாம் இந்தக் கணினியில், பேங்க், பென்ஷன் சமாச்சாரம் எதுவும் இதில் கூடாது, போனில்தான்.

அந்த டாங்கிள் இப்போது என் பையில் இருக்கிறது. கேபிள் இழுக்க முடியாத யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன். எக்ஸ்டென்ஷன் ஒயரோடு சேர்த்துத்தான் தருவேன், தனியாகத் தரமாட்டேன்.