அறிவிப்பாளரும் கேமராவும்

எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) பாடலே இல்லாத படம். ஒரு கொலையைப் பற்றிப் பலர் பலவாறு உரைக்கின்றனர். திருக்கோகர்ணத்து இளைஞர் சிலர் இதனை எடுத்துரைப்பியல் கொண்டு விளக்கக் கேட்டோம். நிகழ்ந்தது ஒன்று, அதை அடுக்கிச் சொல்லும் முறை மற்றொன்று என்பது அவ்வியலின் பாகுபாடு; பொருத்தமே. வேய்ன் பூத் 1961இல் வகுத்த ‘நம்பத்தகாத கதைசொல்லி’யும் பொருந்துவான்.

ஆயினும் பூத் அவனைக் கதைக்குள்ளேயே அளக்கிறார். நம் ஹதீஸ் கலை இமாம்களோ அறிவிப்பாளரின் நேர்மை, நினைவாற்றல், அவர் யாரிடம் நேரில் கேட்டார் என்பவற்றையெல்லாம் வெளியே சென்று துருவினர். வாசகம் எத்துணை அழகாயினும் தொடர் அறுந்தால் பலவீனமே. திரையில் அவ்வழி இல்லை. ஒருவர் கூறுவது வெறும் ஐயமாயினும், கேமரா அதைக் கண்கண்டதாகவே காட்டிவிடுகிறது. காதால் மட்டும் கேட்டிருந்தால் தயங்கியிருப்போம். பாலசந்தர் இறுதியில் உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஆனால் முந்தைய கூற்றுகளை நாம் ஏன் நம்பினோம் என்பதை அவ்விளைஞர் ஆராயவில்லை.