கார்ட்டர் பாம்பின் துணையினப் பகுப்பு: நிற அடிப்படை குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

வட அமெரிக்காவில் பரவலாக வாழும் பொதுக் கார்ட்டர் பாம்பை (தாம்னோஃபிஸ் சிர்டாலிஸ்) 1758இல் லின்னேயஸ் பெயரிட்டு விவரித்தார். பின்வந்தோர் அதனுள் ஏறத்தாழப் பன்னிரண்டு துணையினங்களை வகுத்தனர். உடல் நடுவே 19 செதில் வரிசைகள், 2, 3ஆம் வரிசைகளில் அமையும் பக்கக்கோடு ஆகியன இனம் முழுமைக்கும் பொதுவாதலின், துணையினப் பகுப்பு பெரிதும் நிறத்தையே சார்ந்து நிற்கிறது.

நிறமும் வாழிடமும்

நிறம் உறுதியான சான்றன்று. ஈரி ஏரிக்கரையில் கோடுடைய பாம்புகளோடு முற்றிலும் கரியனவும் வாழ்கின்றன. இக்கருமை ஒற்றை ஒடுங்கு மரபணுவால் அமைவதென்பதைப் பிளாஞ்சர்ட் இணையரின் இனப்பெருக்க ஆய்வு காட்டியது. ஆகவே ஒரே ஈற்றில் இருவகைக் குட்டிகளும் பிறக்கக்கூடும். மேலும், அருங்காட்சியக மாதிரிகளில் சிவப்பு நிறம் மங்கிவிடுகிறது. இக்குறையை ஈடுசெய்ய, மாதிரி கிடைத்த இடத்தைக் கொண்டு துணையினத்தை முடிவு செய்வர். அம்முடிவுகளைக் கொண்டே பரவல் எல்லையையும் வரைவர். இது சுழல்வாதமாகும்.

பெயரின் விளைவு

இச்சிக்கல் ஏட்டளவில் நிற்பதன்று. சான் பிரான்சிஸ்கோ கார்ட்டர் பாம்பு (டெட்ராடேனியா) 1967இல் அருகிவரும் உயிரினமாகப் பட்டியலிடப்பட்டது. அதன் செங்கோடு தொடர்ச்சியானது. அண்டைத் துணையினமான இன்ஃபெர்னாலிஸில் அது கரும்பட்டைகளால் துண்டுபடும். ஆயினும், இன்ஃபெர்னாலிஸ் என்னும் பெயருக்குரிய மூல மாதிரி சான் பிரான்சிஸ்கோ வகையைச் சார்ந்ததே என 1995இல் பவுண்டியும் ராஸ்மனும் நிறுவினர். முந்துரிமை விதிப்படி பெயர்கள் இடம்மாறின், பாதுகாப்புச் சட்டம் சுட்டும் பாம்பு எது என்பதே குழம்பியிருக்கும். பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு ஆணையம் 2000இல் புதிய வகைமாதிரியை ஏற்று, வழக்கிலிருந்த பெயர்களையே நிலைநிறுத்தியது. ஆணையத்தின் தீர்ப்பு பெயரை நிலைப்படுத்தியதேயன்றி, அப்பெயருக்குரிய உயிரியல் எல்லையை மெய்ப்பிக்கவில்லை.

மரபணுச் சான்று

மேற்குப் பகுதிப் பாம்புகளின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை ஆராய்ந்த 2002ஆம் ஆண்டு ஆய்வில், மரபுவழிகள் துணையினப் பெயர்களோடு பொருந்தவில்லை. இதனைக் கொண்டு துணையினங்களை அடியோடு மறுப்பதும் பொருந்தாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி வரலாற்றை மட்டுமே உரைக்கும். அண்மையில் பிரிந்த கூட்டங்களின் தனித்தன்மை அதில் புலப்படாமற் போகலாம்.

முடிவுரை

துணையினப் பெயர் ஒரு நிலப்பகுதியின் கூட்டத்தைக் குறிப்பதேயன்றித் தனியொரு பாம்பின் தோற்றத்தைக் குறிப்பதன்று. எனவே நிறம், செதில் எண்ணிக்கை, கிடைத்த இடம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிவு செய்து, ஒவ்வொரு கூட்டத்தினுள்ளும் காணப்படும் வேறுபாட்டின் அளவைக் கணித்த பின்னரே பெயரிடுதல் முறையாகும். பாதுகாப்பும் பெயரைச் சாராது, அழியும் நிலையிலுள்ள கூட்டத்தைச் சார்ந்து அமைதல் வேண்டும்.