காலக்கணிப்பும் காட்சிப்படுத்தலும்

பழம்பொருளொன்றின் வயது யாது என்பதை நூதனசாலைகள் எப்போதும் கூறிவந்துள்ளன. அவ்வயது எவ்வாறு அறியப்பட்டது என்பதைக் கூறுவன மிகச் சிலவே. இதனை நோக்குமிடத்து, பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே பார்க்கத்தக்கதாக அமைந்து அண்மையில் நாம் காணநேர்ந்த காலக்கணிப்புக் கண்காட்சி வரவேற்கத்தக்க முயற்சியே. மண்ணடுக்குகளைக் காட்டும் கண்ணாடிப் பெட்டியும் அதற்கான எளிய தமிழ் விளக்கமும் பாராட்டுக்குரியன.

மரவளையப் பகுதியைப் பற்றி அவ்வாறு கூறுவதற்கில்லை. அங்கு வைக்கப்பட்டிருந்தது குளிர்நாட்டு மரமொன்றின் குறுக்குவெட்டு. பனைக்கும் தென்னைக்கும் ஆண்டு வளையங்களே இல்லை. எமது மரங்கள் பலவற்றில் அவை தெளிவாக அமைவதுமில்லை. தேக்கு ஒரு விதிவிலக்கு. வீட்டு வளையிலே வளையம் தேடப்போகும் பிள்ளைக்கு இதனை ஒரு வரியிலேனும் சொல்லியிருக்கலாம்.

கண்காட்சியின் உயிர்நிலை காபன் 14 மேசையே. 1949 இல் வில்லாட் லிபியும் ஜேம்ஸ் ஆர்னோல்டும் வயது முன்னரே தெரிந்த எகிப்திய மரத்துண்டுகள் முதலியவற்றைக்கொண்டு சோதித்து நிலைநாட்டிய முறை அது. காபன் 14 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகள். இதனை விளக்க 100 நாணயங்களை எறிந்து, தலை விழுந்தவற்றை அகற்றி, எஞ்சியவற்றை எண்ணும்படி பிள்ளைகள் கேட்கப்பட்டனர். பலகையிலே 50, 25 என எழுதப்பட்டிருந்தது. ஒரு சிறுமிக்கு 57 எஞ்சியது. “பிழைச்சுப்போச்சு, இன்னொருக்காப் போடுங்கோ” என்றார் மேசைப் பொறுப்பாளர்.

பிழைத்தது சிறுமியன்று, பலகையே. நூறு நாணயங்களில் 57 எஞ்சுவது இயல்பு. 44 எஞ்சுவதும் இயல்பு. கதிர்த்தொழிற்பாட்டுத் தேய்வும் இத்தகைய நிகழ்தகவுச் செயலே. ஆதலாற்றான் ஆய்வுகூடங்கள் ஒவ்வொரு கணிப்போடும் கூட்டல் கழித்தல் எல்லையொன்றைத் தருகின்றன. வழக்கமாகத் தரப்படும் ஒரு நியம விலகல் எல்லைக்குள் உண்மை வயது அமைவதற்கான வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்களவே. இவ்வரிய பாடம் அம்மேசையிலேயே கிடந்தது. அதனைத் தவறெனக் கருதி அகற்றிவிட்டனர்.

இது வெறும் கற்பித்தற் குறைபாடு அன்று. எமது நாட்டில் ஆண்டுகள் வழக்காடுகின்றன. யார் முன்னர் வந்தவர் என்ற வாதத்திலே ஓட்டுத் துண்டுகள் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன. அச்சாட்சியை விசாரிக்கும் வழி பொதுமக்களுக்குக் கற்பிக்கப்படுவதில்லை. அநுராதபுர அகழ்வில் வெளிப்பட்ட பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் கி.மு. நான்காம் நூற்றாண்டின என 1996 இல் வெளியான ஆய்வு கூறிற்று. கீழடியில் 353 சென்ரிமீற்றர் ஆழத்திற் பெறப்பட்ட மாதிரியொன்றின் காலம் கி.மு. 580 எனத் தமிழக அரசின் தொல்லியற்றுறை 2019 இல் அறிவித்தது. மேடைகளில் ஒலிப்பது 580 என்னும் ஒற்றை எண்ணே. ஆயின் ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரையான காலப்பகுதியில் காபன் அளவுதிருத்த வளையி தட்டையாகக் கிடக்கின்றது. அதற்குள் அடங்கும் மாதிரிகளின் ஆண்டுகளைப் பிரித்தறிதல் கடினம். இதனாற் கீழடியின் பழைமை இல்லாதொழிந்துவிடாது. தனியொரு மாதிரியின்மீது சுமத்தப்படும் பாரம் மண்ணடுக்குகள், பல மாதிரிகள், ஒப்பீடு ஆகியவற்றின்மீது பகிரப்படவேண்டும் என்பதே இதன் பொருள்.

மற்றொன்றும் உளது. காபன் முறையாற் பொதுவாகக் கணிக்கப்படுவது ஓடு அன்று. அதனருகே கிடந்த கரித்துண்டே. கரிக்கும் ஓட்டுக்கும் உள்ள உறவு அகழ்வாளரின் மண்ணடுக்குக் குறிப்பேட்டிலேயே தங்கியுள்ளது. எலி வளையொன்று, பிற்காலத்துக் குழியொன்று அவ்வுறவைக் குலைத்துவிடலாம். கண்காட்சியிலே மண்ணடுக்குப் பெட்டி வாயிலருகிலும் காபன் மேசை மறுகோடியிலுமாக வைக்கப்பட்டிருந்தன. இரண்டையும் இணைத்து ஒரு சொல்லேனும் இல்லை. பானை இறுதியாகச் சூடேறிய காலத்தை அவ்வோட்டிலிருந்தே கணிக்கும் வெப்ப ஒளிர்வு முறைக்கோ, வெளிவாயிலை அண்டிய மூலையில் ஒரு சிறு படம் மாத்திரமே ஒதுக்கப்பட்டிருந்தது.