கையெழுத்துப் போட்ட பெண் எங்கே?
‘த லோண்ட்ரோமட்’ திரைப்படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

2024 ஜூன் 28 ஆம் திகதி பனாமா நாட்டு நீதிமன்றமொன்று பணச் சலவை வழக்கில் 28 பேரை விடுதலை செய்தது. அவர்களுள் ஒருவர் சட்டத்தரணி ஜூர்கன் மொசாக். அவருடைய பங்காளி ரமோன் பொன்சேகாவும் அதே வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்தான். தீர்ப்பு வருமுன்னே மே மாதம் அவர் காலமாகிவிட்டார். கணினித் தரவுகள் முறைப்படி கையாளப்படவில்லை, மற்றச் சாட்சியங்களும் போதாது என்பது நீதிமன்றத்தின் முடிவு. இந்தச் செய்தியை வாசித்த பிறகுதான், இந்த இருவரையும் வில்லன்களாக வைத்து 2019 இல் வந்த ‘த லோண்ட்ரோமட்’ படத்தை இன்னொரு முறை பார்த்தேன். சட்டத்தின் முன்னால் வில்லன்கள் இல்லை என்றாகிவிட்டது. அப்படியானால் படத்தில் மிச்சமிருப்பது என்ன?

படத்துக்கு முன் சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். மொசாக் பொன்சேகா என்ற சட்ட நிறுவனத்தின் 1 கோடியே 15 இலட்சம் ஆவணங்கள் ஜேர்மன் பத்திரிகையான ‘சூட்டொய்ச்ச சைட்டுங்’கின் கைக்கு வந்தன. அனுப்பியவர் ஆரென்று இன்றுவரை வெளியில் தெரியாது. சர்வதேசப் புலனாய்வு ஊடகவியலாளர் கூட்டமைப்பின் ஊடாக 370 க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் ஏறக்குறைய ஒரு வருடம் இரகசியமாக அவற்றை ஆராய்ந்தார்கள். 2016 ஏப்ரல் 3 ஆம் திகதி உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வெளியிட்டார்கள். இரண்டு இலட்சத்து 14 ஆயிரம் கம்பனிகளின் விபரம் அதில் இருந்தது. இரண்டு நாளில் ஐஸ்லாந்துப் பிரதமர் பதவியிலிருந்து விலகினார்.

ஸ்டீவன் சொடர்பேர்க் இதைச் சிரிப்புப் படமாக எடுத்தார். மெரில் ஸ்ட்ரீப் நடித்த எலன் என்ற பெண் உல்லாசப் படகு கவிழ்ந்து கணவனை இழக்கிறாள். நியூயோர்க் மாநிலத்தில் 2005 இல் 20 முதியவர்கள் இறந்த உண்மையான விபத்தே இதற்கு அடி. நட்டஈடு கேட்டுப் போனால் காப்புறுதிக் கம்பனி இன்னொரு கம்பனியைக் கைகாட்டுகிறது. அதைத் தேடிப்போனால் நெவிஸ் தீவில் ஒரு தபால் பெட்டி. இடையிடையே மொசாக்காகக் கேரி ஓல்ட்மனும் பொன்சேகாவாக அன்டோனியோ பன்டெராஸும் மினுங்கும் உடுப்போடு வந்து, பாடம் நடத்துவதுபோல நமக்கு விளக்கம் சொல்கிறார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, சில இடங்களில் படம் நன்றாகவே விளக்குகிறது. அமெரிக்காவில் வாழும் ஆபிரிக்கக் கோடீஸ்வரர் ஒருவர் தன் கள்ளத்தொடர்பை மகள் கண்டுபிடித்ததும், அவளுடைய வாயை அடைக்க ஒரு கம்பனியின் பங்குப் பத்திரங்களைக் கொடுக்கிறார். பெயர் எழுதப்படாத பத்திரம் அது. எவர் கையில் இருக்கிறதோ அவரே உரிமையாளர். கோடிக்கணக்கான டொலர் பெறுமதி என்று நம்பி எடுத்துக்கொண்டு போனால், கம்பனிக்குள் சில்லறைதான் இருக்கிறது. வெறுங் கடதாசி! பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை இந்தக் காட்சி சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது.

ஆனால் படத்தின் நடுவில் ஓட்டையொன்று இருக்கிறது. நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான்.

மறைமுகக் கம்பனி எப்படி வேலை செய்கிறது? இலண்டனில் ஒரு மாடிவீடு. பதிவேட்டில் அதன் சொந்தக்காரர் பிரித்தானிய வேர்ஜின் தீவுகளில் உள்ள ஒரு கம்பனி. அந்தக் கம்பனியின் பங்குகள் பனாமாவில் உள்ள ஒரு மன்றத்தின் கையில். மன்றத்தின் பணிப்பாளராகக் கையெழுத்துப் போடுவதோ சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு காரியாலயப் பெண். உண்மையான சொந்தக்காரரின் பெயர் இந்தப் படிகளில் எங்கேயுமே வராது. “யாருட வீடு இது?” என்று கேட்டால் ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் காட்டும். எங்கட பக்கத்தில் பினாமி என்று சொல்வோமே, அதேதான். மச்சான் பெயரில் காணி எழுதுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், அங்கே மச்சானை ஊருக்கே தெரியும். இங்கே கையெழுத்துப் போடும் பெண்ணை எவருக்கும் தெரியாது.

மொசாக் பொன்சேகா நிறுவனத்தில் அப்படியான ஊழியர் ஒருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பனிகளுக்குப் பணிப்பாளராகப் பெயர் கொடுத்திருந்தார். எண்ணிப் பாருங்கள். பெரும் செல்வங்களுக்குக் காகிதத்தில் தலைவி, மாதம் முடிய சம்பளத்துக்குக் காத்திருப்பவள். இதைவிட நல்ல கதாபாத்திரம் ஒரு எழுத்தாளனுக்கு எங்கே கிடைக்கும்? அவள் எந்த வீட்டிலிருந்து வேலைக்கு வந்தாள், என்ன நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள் என்று தேடியிருந்தால் அதுவே ஒரு பெரும் படமாகியிருக்கும்.

சொடர்பேர்க் என்ன செய்தார்? எலெனா என்ற பெயரில் அப்படியொரு பாத்திரத்தை வைத்தார். ஆனால் அதிலும் மெரில் ஸ்ட்ரீப்பையே நடிக்கவிட்டார்; மூக்கை மாற்றி, பொய்முடி வைத்து, தோலின் நிறத்தையும் மாற்றி. கடைசிக் காட்சியில் எலெனா வேடத்தைக் கழற்றுகிறார், உள்ளே எலன். எலனையும் கழற்றுகிறார், உள்ளே நடிகை. கோதுக்குள் கோது, கம்பனிக்குள் கம்பனி என்று காட்டுவதே நோக்கம். வெள்ளைக்கார நடிகை லத்தீன் அமெரிக்கப் பெண்ணாக வேடம் போட்டதைப் பலர் அப்போதே கண்டித்தார்கள். என்னுடைய முறைப்பாடு அதைத் தாண்டியது. பனாமாவின் ஒரு சாதாரணப் பெண்ணின் பெயரைக் கம்பனிகள் முகமூடியாகப் பாவித்தன. படமும் அவளை முகமூடியாகவே பாவித்துவிட்டுக் கழற்றி வீசுகிறது. கழற்றிய பிறகு அவள் இல்லவே இல்லை. எதைக் குற்றமென்று படம் சொல்கிறதோ, அதையே படமும் செய்துவிடுகிறது.

இரண்டாவது விசயம், அந்த இரண்டு வில்லன்கள். பொன்சேகா நாவலாசிரியரும்கூட. பனாமாவின் தேசிய இலக்கியப் பரிசான ரிகார்டோ மிரோ விருதை இருமுறை வென்றவர். இல்லாத ஆட்களைக் காகிதத்தில் உருவாக்குவது அவருக்கு இரண்டு வழியிலும் கைவந்திருக்கிறது. தன்னைக் கார் தொழிற்சாலைக்காரனுக்கு ஒப்பிடுவது அவர் வழக்கம்: காரைக் கொண்டுபோய் ஒருவன் கொள்ளையடித்தால் தொழிற்சாலை என்ன செய்யும்? நொண்டிச் சாட்டுத்தான். என்றாலும் அதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: கார் ஓடும் பாதையைப் போட்டவர் யார்?

கசிந்த கம்பனிகளில் பாதிக்கு மேல் பதிவானது பிரித்தானிய வேர்ஜின் தீவுகளில். அது பிரித்தானியாவின் கடல்கடந்த ஆட்புலம். அதன் ஆளுநரை நியமிப்பது பிரித்தானிய முடி. அமெரிக்காவில் டெலவேயர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் ஒரு சாதாரணக் கட்டடம். இரண்டு இலட்சத்து 85 ஆயிரம் கம்பனிகள் அதைத் தங்கள் விலாசமாகக் காட்டியதாக 2012 இலேயே செய்தி வந்தது. டெலவேயரைப் படம் மறக்கவில்லை. இயக்குநருக்கே அங்கே ஐந்து கம்பனிகள் உண்டென்று வில்லன்கள் நக்கலடிக்கிறார்கள். ஆனால் அது நக்கலோடு போய்விடுகிறது. பார்ப்பவன் எழும்பும்போது மனதில் நிற்பது தென்னைமரமும் கடற்கரையும் கள்ளச் சிரிப்பும்தான். களவு வெயில் நாடுகளில் நடக்கிறது என்ற பழைய எண்ணம் அசையாமல் இருக்கிறது. கம்பனிகளின் உண்மையான சொந்தக்காரரைப் பதிய வேண்டுமென்று 2021 இல் சட்டம் கொண்டுவந்த அமெரிக்கா, 2025 மார்ச்சில் தன் சொந்த நாட்டுக் கம்பனிகளுக்கு அந்தக் கடமையே இல்லை என்று விலக்கிவிட்டது. படம் பனாமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, கதவு வேறிடத்தில் திறந்தே கிடக்கிறது.

வில்லனைத் தேடாமல் காகிதத்தையே பார்த்திருந்தால் எவ்வளவு கதை இருக்கிறது! பாகிஸ்தானைப் பாருங்கள். பிரதமர் நவாஸ் ஷெரீபின் குடும்பத்தோடு தொடர்புபட்ட இலண்டன் மாடிவீடுகளின் விபரம் பனாமா ஆவணங்களில் வந்தது. விசாரணையில் 2006 ஆம் ஆண்டுத் திகதியிட்ட ஒரு பத்திரம் சமர்ப்பிக்கப்பட்டது. அதிலிருந்த எழுத்துரு கலிப்ரி. அது பொதுப் பாவனைக்குப் பரவலாக வந்ததோ 2007 இல். ஒரு எழுத்துரு ஒரு நாட்டின் அரசியலை உலுக்கியது. 2017 ஜூலையில் உச்சநீதிமன்றம், டுபாய்க் கம்பனியொன்றிலிருந்து வரவேண்டிய சம்பளத்தை வெளிப்படுத்தவில்லை என்ற வேறொரு காரணத்துக்காக அவரைப் பதவிநீக்கியது. மாடிவீட்டு வழக்கில் 2023 இல் மேல்நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒழுங்கான வில்லனும் இல்லை, ஒழுங்கான முடிவும் இல்லை. ஆனால் உண்மை அப்படித்தான் இருக்கிறது. அதைத் தாங்கக்கூடிய கதைவடிவம் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

எலன் மாதிரி ஒரு விதவையைக் காட்டினால் கண்ணீர் வரும். ஆனால் இந்தக் களவில் பாதிக்கப்படுவோருக்குப் பெரும்பாலும் முகமே கிடையாது. 2021 ஒக்டோபரில் பண்டோரா ஆவணங்கள் வந்தபோது இலங்கையின் முன்னாள் பிரதியமைச்சர் ஒருவருடைய பெயரும் அவர் கணவருடைய பெயரும் அடிபட்டன. தாங்கள் குற்றமற்றவர்கள் என்றார்கள். வெளிநாட்டில் கம்பனி வைத்திருப்பது மட்டும் குற்றமாகாது என்பதும் சரிதான். ஒரு மாதத்தில் அறிக்கை தருமாறு இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு ஜனாதிபதி பணித்தார். ஊர் கொஞ்ச நாள் கதைத்தது, பிறகு விட்டுவிட்டது. அடுத்த ஏப்ரலில் நாடு கடன் கட்ட வழியில்லை என்று கைவிரித்தது. வற் வரி 8 வீதத்திலிருந்து 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: காசை நாடு தாண்டி வைக்கத் தெரிந்தவனிடம் வரி வாங்குவது கடினம், சவர்க்காரம் வாங்க வருபவனிடம் வாங்குவது லேசு. எந்த நாட்டு அரசும் லேசான பக்கம்தான் போகும். பொதுப்பணம் அமானிதம் என்று மேடையில் பேசுவோர் இந்தக் கணக்கையும் ஒருதரம் பேசவேண்டும்.

படத்தின் முடிவில் மெரில் ஸ்ட்ரீப் தலைவாரும் தூரிகையைச் சுதந்திரதேவியின் தீபம்போல உயர்த்திப் பிடித்து நிற்கிறார். அழகான காட்சி, கைதட்டலாம். எனக்குத்தான் கண் போகவில்லை. அவர் கழற்றிப் போட்ட பொய்முடியும் மூக்கும் தரையில் கிடக்குமே, அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாயிரம் கம்பனிக்குக் கையெழுத்துப் போட்ட பெண்ணின் கதையை இன்னும் எவரும் எழுதவில்லை. நம்மில் எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்துக்காக இன்னொருவரின் பெயரைச் சுமப்பது எப்படியென்று தெரிந்த வீடுகள் எங்கட ஊர்களிலும் இல்லாமல் இல்லை.