படித்துச் சொல்ல ஒருவர்

புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழில் எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இரண்டு குறைகள் தவறாமல் பேச்சில் வரும். ஒன்று, எழுத நேரமில்லை. மற்றது, ஊக்கம் தர ஆளில்லை. முதலாவதை மறுக்க முடியாது. வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் எல்லோருக்கும் இருக்கிறது. இரண்டாவதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். நம்மிடையே ஊக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. மெல்பர்னில் நான் போன புத்தக வெளியீடுகளில் ஆறேழு பேராவது வாழ்த்திப் பேசுவார்கள். பொன்னாடை உண்டு, குழுப்படம் உண்டு, வடையும் தேநீரும் உண்டு. புத்தகத்தின் ஒரு பக்கத்தைச் சுட்டி, இந்த இடம் ஏன் இப்படி என்று கேட்பவரைத்தான் பார்க்க முடிவதில்லை. இத்தனை வாழ்த்துக்குப் பிறகும் முதல் புத்தகத்தோடு நின்றுபோனவர்கள் நம்மில் பலர். அப்படியானால் அவர்களுக்குக் கிடைக்காமல் போனது என்ன?

இதற்குப் பதில் தேட எனக்குத் தெரிந்த நல்ல இடம் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’. 1959 ஜனவரியில் சென்னையிலிருந்து வரத் தொடங்கி 1970 வரை, 119 இதழ்கள் வந்தன. புதுக்கவிதை வளர்ந்த இடம் என்றே அதை இன்று நினைவுகூர்கிறோம். ஆனால் செல்லப்பா அதை ஆரம்பித்தது விமர்சனத்துக்காக. நல்ல படைப்பை எப்படி அடையாளம் காண்பது, ஒரு கதை எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்பதைத் தமிழில் பேச ஓர் இடம் வேண்டும் என்பதே அவர் எண்ணம். கவிதை அந்தப் பேச்சின் நடுவில் முளைத்தது. ந. பிச்சமூர்த்தியின் கவிதைகள் அதில் வந்தன; அவற்றைப் பற்றிய அலசலும் வந்தது; படித்தவர்கள் தாங்களும் எழுதிப் பார்த்தார்கள். 1962-ல் செல்லப்பா ‘புதுக்குரல்கள்’ தொகுப்பைக் கொண்டுவந்தபோது அதில் 24 கவிஞர்கள் இருந்தார்கள். எழுதச் சொல்லி யாரும் அவர்களைத் தட்டிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. கூர்ந்து படிக்கும் ஓர் இடம் இருந்தது, அதை நோக்கி எழுதினார்கள்.

அந்தக் கூட்டத்தின் முகவரிகளைப் பாருங்கள். பசுவய்யா என்ற பெயரில் கவிதை அனுப்பிய சுந்தர ராமசாமி நாகர்கோவிலில். ஆங்கில ஆசிரியரான நகுலன் திருவனந்தபுரத்தில். வெங்கட் சாமிநாதன் வடக்கே மத்திய அரசு வேலையில். தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள் என்று நாம் அறிந்தவர், கடல் தாண்டித் திருகோணமலையில், இருபது வயதை ஒட்டிய இளைஞராக, கவிதையோடு விமர்சனமும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். இவர்களில் பலர் ஒருவரை ஒருவர் நேரில் காணாமலேயே ஒருவர் எழுத்தை மற்றவர் படித்தவர்கள். தபால்காரர் கொண்டுவரும் ஒரு மெலிந்த இதழ்தான் அவர்களுக்குச் சங்கம். ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால்தான் எழுத முடியவில்லை என்று நாம் சொல்லும்போது, அறுபது ஆண்டுக்கு முந்தைய இந்த வரைபடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அதைப் பொற்காலமாக்கவும் நான் விரும்பவில்லை. அந்த வட்டம் சண்டைகளால் நிறைந்தது. பிரமிளும் வெங்கட் சாமிநாதனும் பின்னர் கசந்து மோதியது சிறுபத்திரிகை உலகம் அறிந்த கதை. கறாரான வாசிப்பு என்ற பெயரில் சொந்தப் பகையும் நுழைந்துவிடும். செல்லப்பா கொடுத்த விலையும் சிறியதல்ல. கைக்காசைப் போட்டு இதழ் நடத்தினார், புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். அந்தத் தியாகத்தைப் போற்றிப் பேசுவது நமக்கு எளிது. அவர் கேட்டதோ வேறு. அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் நடத்தும் ‘விளக்கு’ அமைப்பு அவருக்கு விருது அளித்தபோது, பணத்தைக் கையில் வாங்க மறுத்து, அதைக்கொண்டு தன் புத்தகம் ஒன்றை அச்சிடச் சொன்னார். வெளிநாட்டுத் தமிழர் ஒரு மூத்த எழுத்தாளருக்குச் செய்யக்கூடியது என்ன என்று அவரே காட்டிவிட்டுப் போனார்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு மரபு உண்டு. 1988-ல் ஜெர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, ஐரோப்பாவின் நகரம் நகரமாக இடம் மாறி நடந்தது. அந்த ஆண்டுகளை ஒட்டி ஜெர்மனியில் ‘தூண்டில்’, நோர்வேயில் ‘சுவடுகள்’, சுவிட்சர்லாந்தில் ‘மனிதம்’ என்று சிற்றிதழ்கள் வந்தன. எழுதியவர்களில் பலர் அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள், உணவகங்களில் கோப்பை கழுவியவர்கள். என்னைப் போல மேற்படிப்புக்கு விசா வாங்கி விமானம் ஏறியவர்களைவிட அவர்களுக்கு நேரமும் குறைவு, பணமும் குறைவு. ஆனாலும் தாம் எழுதியதை மறுத்துப் பேச ஆள் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நிச்சயமே அவர்களை அடுத்த பக்கத்துக்கு நகர்த்தியது என்று நினைக்கிறேன்.

என் தொழிலில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வரிவரியாகப் படிக்காமல் பயன்பாட்டுக்கு விடமாட்டார்கள். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. கதையும் கவிதையும் நிரல் அல்ல. ஓடுகிறதா இல்லையா என்று சோதித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வெளியே போவதற்கு முன் இன்னொரு ஜோடிக் கண் பட வேண்டும் என்ற எளிய மரியாதையை நம் இலக்கியக் கூட்டங்கள் ஏன் தருவதில்லை?

இதில் அதிகம் இழப்பவர்கள் நம் பிள்ளைகள். இங்கே பிறந்த ஒரு பெண் தமிழில் கவிதை எழுதி மேடையில் வாசிக்கிறாள். தமிழில் எழுதினாளே என்று அரங்கம் எழுந்து கைதட்டுகிறது. ஓர் ஐயா வந்து றகரத்தையும் ரகரத்தையும் திருத்துகிறார். மூன்றாம் பத்தி முதல் பத்தியையே திரும்பச் சொல்கிறது என்றோ, அம்மம்மாவின் கையை அவள் வர்ணித்த இடம் உண்மையிலேயே புதிது என்றோ ஒருவரும் சொல்வதில்லை. அவளுடைய பல்கலைக்கழக ஆங்கில வகுப்பில் அதைச் சொல்கிறார்கள். அவள் அடுத்த கவிதையை எந்த மொழியில் எழுதுவாள்? மொழிப்பற்று குறைந்துவிட்டது என்று பிறகு நாம் வருந்துவதில் பொருளில்லை. ஆங்கிலத்தில் அவளை எழுதுபவளாகப் பார்த்தார்கள். நாம் தமிழ் பேசும் அதிசயமாகப் பார்த்தோம்.

கடுமையாகச் சொன்னால் பயந்து விட்டுவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து பாராட்டைக் கூட்டுவதில்லை, படிப்பைக் கூட்டுவது. நாங்கள் ஆறு பேர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். படைப்பு ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் வந்துவிட வேண்டும். படிக்காமல் வந்தவர் அன்று பேசக் கூடாது. எழுதியவர் முதல் இருபது நிமிடம் வாய் திறக்கக் கூடாது. பேசுகிறவர் எதைச் சொன்னாலும் பிரதியில் அந்த இடத்தைக் காட்ட வேண்டும். இவ்வளவுதான் விதி. இடத்தைக் காட்டிச் சொல்லும்போது குறை கூட யாரையும் அவ்வளவாகப் புண்படுத்துவதில்லை. பாராட்டும் அப்போதுதான் நம்பும்படியாக இருக்கிறது.

ஆறு பேர் கிடைக்காத ஊர்களும் உண்டு. அங்கிருப்பவர்களுக்குத் திருகோணமலை இளைஞருக்குக் கிடைத்தது போல ஓர் இதழ் வேண்டும். ஆகவே இந்தக் காலாண்டிதழ் முந்தைய இதழின் படைப்புகளைப் பற்றிய எதிர்வினைக்கு நாலு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த இதழிலுள்ள கதைகளில் ஒன்றை இரண்டு முறை படியுங்கள். எந்த இடத்தில் உள்ளே போனீர்கள், எந்த இடத்தில் வெளியே வந்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அந்தக் கதையை எழுதியவர் அடுத்த கதையைத் தொடங்க அதுவே போதும்.