சிம் போட்டாச்சா? இனி பாங்காக் உங்கள் கையில்!

தாய்லாந்து கிளம்புகிற யாரைப் பார்த்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "டேட்டாவுக்கு என்ன ஏற்பாடு?" ஹோட்டல், புத்தர் கோவில், ஷாப்பிங் எல்லாம் அப்புறம். போனில் மட்டும் நெட் ஓடினால், கொடி பிடித்த கைடுக்குப் பின்னால் வரிசையில் ஓட வேண்டிய அவசியமே இல்லாத ஊர் பாங்காக். அங்கே இஷ்டத்துக்குச் சுற்றுகிற சுகம் இருக்கிறதே, அடடா!

சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், ஏஐஎஸ், ட்ரூ என்கிற செல்போன் நிறுவனங்களின் கவுன்டர்கள் கண்ணெதிரே நிற்கும். பாஸ்போர்ட்டை நீட்டினால் அங்கேயே பதிவு முடிந்து, சிம்மைப் போட்டு, நெட் வருகிறதா என்று பார்த்துத் தந்துவிடுவார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஒரு வாரம், இரண்டு வாரம் என்று பிளான்கள் உண்டு. சில நூறு பாட்தான். 'அன்லிமிடெட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆனால் என் ஓட்டு அட்டையே இல்லாத இ-சிம்முக்குத்தான். வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துவிட்டால், விமானம் தரை தொட்டதும் மேப் திறக்கலாம். நம்ம ஊர் சிம்மும் போனிலேயே இருப்பதால் பேங்க் ஓடிபி வந்து சேரும். அதற்குக் கிளம்பும் முன்பே நம்ம சிம்மில் சர்வதேச ரோமிங்கை இயக்க வேண்டும்; டேட்டா ரோமிங்கை மட்டும் அதில் அணைத்துவிட வேண்டும். உங்கள் போன் இ-சிம் ஏற்குமா? *#06# அழுத்துங்கள். இஐடி என்று ஒரு நீள எண் வந்தால் பெரும்பாலும் ஏற்கும். இன்னொன்று, பல பயண இ-சிம்களில் டேட்டா மட்டும்தான், போன் நம்பர் கிடையாது. அதனால் டாக்ஸி பிடிக்க உதவும் கிராப் செயலியை நம்ம நம்பரிலேயே ஊரில் பதிவு செய்துவிட்டுப் போங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவின் குட்மார்னிங் வீடியோக்கள் தானாக இறங்குவதையும் நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டு டேட்டாவைத் தின்ன அத்தையும் மாமாவும் போதும்!

இப்போது என் செல்லத்துக்கு வருகிறேன்: சேன் சேப் கால்வாய்ப் படகு. பேக்கேஜ் டூர்க்காரர்கள் பெரும்பாலும் கண்ணில் காட்டாத வாகனம் இது. அலுவலகம் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறுகிற நீளமான மோட்டார் படகு. பிரதுநாமில் ஏறி மேற்கே போனால், தங்க மலைக் கோவிலுக்குப் பக்கத்தில் பான் ஃபா துறையில் இறக்கிவிடும். மேலே சாலையில் கார்கள் முட்டிக்கொண்டு நிற்க, நாம் கீழே பாலங்களுக்கு அடியில் சீறிக்கொண்டு போகலாம். எதிர்ப்படகு வந்தால் தண்ணீர் தெறிக்கும். உடனே ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுக்க, தார்ப்பாய் மேலே ஏறும். தண்ணீரின் வாசனை நம்ம கூவத்துக்குச் சளைத்ததல்ல. நடத்துநர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வந்து காசு வாங்குவார். சர்க்கஸ் டிக்கெட் எல்லாம் எதற்கு? துறையில் படகு நிற்பதோ சில நொடிகள். குதித்து இறங்க வேண்டும். மேப்பில் நகரும் அந்த நீலப் புள்ளி இருப்பதால்தான், அடுத்த துறை நம்முடையது என்று முன்கூட்டியே எழுந்து நிற்க முடிகிறது.

சைவக்காரர்களுக்கு வருவோம். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தாய் மொழியை ஆஃப்லைனுக்கும் இறக்கிக்கொண்டு, கேமராவை மெனு மேல் பிடியுங்கள். சொற்களுக்கு நடுவே இடைவெளியே விடாத அந்த எழுத்து, கொஞ்சம் கோமாளித்தனமாக என்றாலும், புரிகிற மொழிக்கு மாறும். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ் இருக்கும், ஜாக்கிரதை. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தாக 'ஜே' என்ற அடையாளம் தெரிந்தால் தைரியமாக உட்காரலாம். அங்கே இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை, பூண்டுகூட இல்லை. வயிறு நிறைந்ததும் சீலோம் சாலைக்குப் போங்கள். 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோவில் அங்கே இருக்கிறது. தாய்லாந்துக்காரர்கள் மாலையும் தட்டுமாக வரிசையில் நிற்பதைப் பார்த்துச் சொக்கிப் போனேன்.

பண விஷயம் சுருக்கமாக. கடைக்குக் கடை க்யூஆர் தொங்கும். ஆனால் நம்ம ஜிபே அங்கே கைகொடுக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், ரொக்கம் வேண்டும். வெளிநாட்டு கார்டுக்கு ஏடிஎம்கள் ஒவ்வொரு முறையும் 220 பாட் போலக் கட்டணம் பிடிப்பதால், எடுப்பதை ஒரே தடவையில் எடுங்கள். ரூபாயில் கணக்குப் போட்டுத் தரவா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அப்படியே இன்னும் சில குறிப்புகள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், அரசுத் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். காசு கேட்கிற தளம் என்றால் மூடிவிடுங்கள். சுற்றுலாப் போலீஸ் எண் 1155. இ-சிகரெட் அங்கே சட்டவிரோதம்.

வெயிலில் மேப்பும் கேமராவும் சேர்ந்தால் போன் கொதித்து பேட்டரி கரையும். பவர் பேங்க் இல்லாமல் படி இறங்காதீர்கள். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். நம்ம ஊர் இரட்டை முள் சார்ஜர் அநேகமாக எல்லா இடத்திலும் பொருந்தும்.

எப்போது போவது? மே முதல் அக்டோபர் வரை ஃபூகெட், கிராபி பக்கம் மழை. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சமூயித் தீவை நனைக்கும். இரண்டும் ஒரே கடல் என்று நினைத்து டிக்கெட் போடாதீர்கள்.

நாள் மிச்சம் இருந்தால் வடக்கே இருக்கிற சியாங் மாய்க்கு இரவு ரயில். தாய்லாந்து ரயில்வேயின் டி-டிக்கெட் செயலியில் போனிலேயே பதிவு செய்யலாம். 2023 ஜனவரி முதல் இந்த ரயில்கள் பழைய ஹுவாலம்போங் நிலையத்திலிருந்து அல்ல, க்ருங் தெப் அபிவட் நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. கீழ்ப் பெர்த் கேளுங்கள். சில பாட் கூடுதல். ஆனால் அகலம் அதிகம், முழு ஜன்னலும் உங்களுக்கே. சீசனில் அதுதான் முதலில் தீரும், சீக்கிரமே போட்டுவிடுங்கள்.