பூச்சரமும் பட்டைக் கல்லும்

தமிழ்நாட்டுப் பொற்கொல்லர்களான பத்தர்கள் வடிவம் தேடி வெகுதூரம் போனதில்லை. மாங்காயைப் பார்த்து மாங்காய் மாலை, அரும்பைப் பார்த்து மல்லிகைமொட்டு மாலை, கையில் புழங்கிய நாணயத்தைப் பார்த்துக் காசுமாலை. கோதுமை மணி சங்கிலியானது. தாழம்பூ சடைக்குப் பொன்னிலேயே மலர்ந்தது.

திருச்சியின் தனிப் பங்கு, கல். செயற்கை வைரம், கெம்பு போன்ற கற்களுக்குப் பட்டை தீட்டுவது இங்கே நெடுங்காலம் குடிசைத் தொழில். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள் வரை பரவியிருந்தது. அலுமினியம் ஆக்சைடு தூளைச் சுடரில் உருக்கி வளர்க்கும் செயற்கைக் கெம்பு, சிறிதளவு குரோமியம் சேர்ந்தால் சிவக்கும். உள்ளே புகுந்த ஒளி மேல்முகமாகத் திரும்பும்படி அதன் முகங்களைச் சாய்த்துத் தீட்டுவதில்தான் வித்தை. இயந்திரத்தில் வெட்டிய அமெரிக்கன் டைமண்ட் வந்தபின் அந்தக் கைத்தொழில் நலிந்தது பெரிய இழப்பு.

ஆனாலும் பார்த்துச் செய்ய மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. திருச்சி தென்னூரில் சுடுமண்ணிலோ பட்டுநூலிலோ ஜிமிக்கி செய்ய உட்காருபவர், ஸ்ரீரங்கத்துக் கதம்பச் சரம் ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளலாம்: மல்லிகை வெள்ளை, கனகாம்பரச் செம்மஞ்சள், இடையிடையே மரிக்கொழுந்துப் பச்சை. வைகுண்ட ஏகாதசி உற்சவத்தில் மூலவர் ரங்கநாதருக்குச் சாத்தும் முத்தங்கி என்னும் முத்து அங்கியோ வேறு பாடம். அங்கே ஏறக்குறைய ஒரே வெண்மை, வடிவம் முழுதும் முத்துகளின் நெருக்கத்திலேயே எழுகிறது.